சின்னப் பசங்க கையில் வண்டி: பட்டறைக்காரன் சொல்வது

சேலம் அம்மாபேட்டையில் டூவீலர் பட்டறை வைத்திருக்கிறேன். சாயங்காலமானால் எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பையன்கள் பேட்டரி ஸ்கூட்டரில் மூன்று பேராகப் பறக்கிறார்கள். சத்தமே வராது; வாசலில் உட்கார்ந்திருக்கிற பெரியவர்களுக்கு, உரசிப் போன பிறகுதான் தெரியும்.

ஓடுகிற வண்டியைக் குறுக்கே பாய்ந்து மறிக்காதீர்கள். நான் ஒருமுறை மறித்தேன். பையன் பதறி ஆக்ஸிலேட்டரை முறுக்கிவிட்டான். முழங்கை சிராய்த்தது எனக்குத்தான். நிற்கும்போது போய், "தம்பி, பிரேக்கைக் காட்டு" என்று ஆரம்பியுங்கள். காது கொடுப்பான். திட்டினால் அடுத்த தெருவுக்குப் போவான், அவ்வளவுதான்.

அப்படியே வண்டியையும் பாருங்கள். 250 வாட்டுக்குள், மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் ஓடுகிற பேட்டரி வண்டிக்கு லைசென்ஸ், பதிவு வேண்டாம். வேகத்தை 25-க்குள் நிறுத்தி வைக்கிற வேகப் பூட்டை அவிழ்த்துவிட்டால் அந்தச் சலுகை போச்சு. அவிழ்க்கச் சொல்லி என்னிடமே வருவார்கள், செய்ய மாட்டேன். 16 வயசு லைசென்ஸ் 50 சிசி வரைக்கும்தான். எக்ஸ்எல் 100-க்கு 18 ஆகணும்.

அப்புறம் அப்பாவிடம் பேசுங்கள், நாலு பேர் முன்னால் வேண்டாம். 2019 சட்டத் திருத்தப்படி, லைசென்ஸ் வேண்டிய வண்டியைச் சிறுவன் ஓட்டி மாட்டினால் பெற்றவருக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருஷம் வரை சிறை, பதிவு 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயசு வரை லைசென்ஸ் கிடையாது. சிறை என்றால் சிரிக்கிற அப்பாக்கள் இதைக் கேட்டால் சாவியை வாங்கிவிடுகிறார்கள்.

பையன் ஏற்காட்டுப் பேச்சை எடுத்தால் மட்டும் பொறுமை வேண்டாம். 20 கொண்டை ஊசி வளைவு. அன்றைக்கே சாவியை ஒளித்துவிடுங்கள்.