பிளானட் ஜூ: வேலியே கண்ணில் படாமல் சிங்கத்துக்கு இருப்பிடம் அமைப்பது எப்படி?

விலங்குப் பூங்கா கட்டும் கணினி விளையாட்டான பிளானட் ஜூவில் பூங்காவை எவ்வளவு அழகாகக் கட்டினாலும், சிங்கத்துக்கும் பார்வையாளருக்கும் நடுவே கம்பி வலை நின்றால் கூண்டு என்ற நினைப்புத்தான் வரும். வேலி இல்லாமல் அகழியையும் பாறையையும் வைத்தே விலங்கைப் பாதுகாப்பாக நிறுத்தலாம். நிஜ உலகில் இதைப் பெரிய அளவில் செய்து காட்டியவர் ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் ஹாகன்பெக். 1907-இல் ஹாம்பர்க் பக்கம் ஸ்டெல்லிங்கனில் அவர் திறந்த பூங்காவில் சிங்கங்களுக்கு முன்னால் கம்பி கிடையாது, அகழிதான். வண்டலூரிலும் அகழிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் சிங்கம், புலியைப் பார்க்கிறோம். அதே வழியை விளையாட்டிலும் பின்பற்றப் போகிறோம்.

வேலி, பாதை போடுவது, பராமரிப்பாளரை வேலைக்கு வைப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். முதல் தடவை சாண்ட்பாக்ஸ் என்ற விளையாட்டு முறையில் செய்து பாருங்கள், காசுக் கவலை இருக்காது.

படி 1: ஜூபீடியாவைப் பாருங்கள்

ஜூபீடியா என்பது விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் விலங்குத் தகவல் தொகுப்பு. விலங்குக்கு எவ்வளவு உயரத்தில் வேலி வேண்டும், ஏறித் தாண்டுமா, ஆழமான நீரில் நீந்துமா என்று அதிலேயே இருக்கும். வேலிக்குச் சொன்ன உயரத்தைவிட ஒரு மீட்டராவது கூடுதலாக அகழியின் ஆழத்தை வைத்துக்கொள்வது என் வழக்கம்.

படி 2: முதலில் சாதாரண வேலி

எடுத்த எடுப்பிலேயே வேலி இல்லாமல் ஆரம்பிக்க வேண்டாம். எந்த வேலியானாலும் சரி, அகழி வரப்போகும் இடத்துக்கு வெளியே சுற்றிப் போட்டு, பின்பக்கம் பராமரிப்பாளர் கதவை வைத்து, இருப்பிடத்தை மூடிவிடுங்கள். பார்வையாளர் பாதையை இப்போது போடாதீர்கள். பாதை வந்துவிட்டால் அதை ஒட்டிய மண்ணை விளையாட்டு வெட்டவிடாது.

படி 3: அகழி

அகழியின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது. பார்வையாளர் பக்கம் செங்குத்தான சுவர், சிங்கத்தின் பக்கம் மெதுவாக இறங்கும் சரிவு. இப்படிச் செய்தால் சிங்கம் அகழிக்குள் இறங்கித் திரும்ப ஏறி வரும், நடமாட இடமும் வீணாகாது. பாதையிலிருந்து பார்ப்பவருக்கு அகழியே தெரியாது. புல்வெளி தன் காலடிவரை நீள்வது போல இருக்கும். அகழியின் வெளி விளிம்பு சிங்கத்தின் பக்கத் தரையைவிட உயர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உயர்ந்தால் பாதையில் நிற்பவர் நேராகப் பள்ளத்துக்குள் பார்ப்பார்.

மண்ணை வெட்டியதும் மழமழப்பாக்கும் கருவியை எடுக்கக் கை துறுதுறுக்கும். சுவர்ப் பக்கம் அதைத் தொடவே வேண்டாம். மூலைகளில் செங்குத்து கரைந்து சாய்தளமாகிவிடும், சிங்கம் அந்த வழியாகத்தான் வெளியே வரும். சுவர் கரடுமுரடாகத் தெரிந்தால் பாறைகளைப் பதித்து மறைத்துவிடுங்கள். செடி கொடி அழகுக்குத்தான், விலங்கைத் தடுக்காது.

படி 4: கதவு

பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான், எனக்கும் அதிக நேரம் பிடித்தது இந்த இடம்தான். பராமரிப்பாளர் உள்ளே நடந்து போக வேண்டும் என்பதால் கதவு இருக்கும் இடத்தில் அகழி வெட்ட முடியாது, இரு பக்கமும் தரை சமமாக இருந்தாக வேண்டும். அங்கே வேலியை எடுத்தால் கதவு மட்டும் தனியாக நிற்கும், சிங்கம் பக்கவாட்டில் நடந்து வெளியே வந்துவிடும்.

அதனால் கதவின் இரு பக்கமும் ஒரு துண்டு உண்மையான வேலியை விட்டுவையுங்கள். விலங்குக்கு ஏற்ற உயரத்தில், தேவைப்பட்டால் ஏற முடியாத வகையாக இருக்கட்டும். அந்தத் துண்டுகளின் முனைகள் பாறைக்குள்ளோ மண்மேட்டுக்குள்ளோ புதைந்திருக்க வேண்டும். வேலியும் பாறையும் உரசிக்கொண்டு நின்றால் போதாது, வேலியின் முனை பாறைக்குள் மறைய வேண்டும். கதவுக்கு முன்னால் ஒரு மேடும் நாலு மரமும் வைத்தால் பார்வையாளருக்கு எதுவும் தெரியாது.

படி 5: வேலியை எடுப்பது

வேலி நிற்கும்போதே ஒரு சிங்கத்தை உள்ளே விடுங்கள். அதைத் தேர்ந்தெடுத்தால், அது நடமாடக்கூடிய பரப்பை நிறத்தில் காட்டும் வசதி கிடைக்கும். நிறம் அகழிச் சுவரின் அடியிலேயே நின்றால் நல்லது. எங்காவது மேலே ஏறி வேலியைத் தொட்டால் அந்த இடத்தை இன்னும் வெட்டுங்கள், இல்லையென்றால் பாறை வையுங்கள்.

எல்லாம் சரியானதும் விளையாட்டை நிறுத்திவைத்து, சேமித்து, வேலியைத் திருத்தும் வசதிக்குள் போங்கள். கதவை ஒட்டிய துண்டுகளை விட்டுவிட்டு மற்றவற்றை ஒவ்வொன்றாக 'நல் பேரியர்' (Null Barrier) வகைக்கு மாற்றுங்கள். அது எல்லையை மட்டும் குறிக்கும் வெறும் கோடு. எந்த விலங்கையும் தடுக்காது. மாற்றியதும் நிறப் பரப்பை மறுபடி பாருங்கள். கோட்டைத் தாண்டவில்லை என்றால், பாதை போடலாம். பார்வையாளர் பாதையை விட்டு இறங்க மாட்டார்கள், ஓரத்தில் முழங்கால் உயரப் புதர் போதும்.

அகழியில் தண்ணீர் விடலாமா? விடலாம். ஆனால் சுத்திகரிப்பு நிலையமும் அதற்கு மின்சாரமும் வேண்டும், நீந்தத் தெரிந்த விலங்கை ஆழமான தண்ணீர் தடுக்கவும் தடுக்காது. நான் காய்ந்த அகழிக்குத்தான் ஓட்டுப் போடுவேன்.

பின்சேர்க்கை: வேலியை எடுத்து வெகுநாள் கழித்து விலங்கு தப்புகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். பெரும்பாலும், அழகுக்காகப் பிற்பாடு அகழியில் போட்ட மரக்கட்டையோ பாறையோ படிக்கட்டாகிவிடுகிறது. அலங்காரம் எதைச் சேர்த்தாலும் நிறப் பரப்பை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று: ஒரே இடத்தில் வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி என்று பல இனங்களை விட்டால், ஒவ்வோர் இனத்துக்கும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். ஒன்றால் ஏற முடியாத மேட்டில் இன்னொன்று ஏறிவிடும்.