பிராண்டட் சிஸ்டத்துல எஸ்எம்பிஎஸ் மாத்தணுமா? மொதல்ல மூடிய கழட்டுங்க

மன்னார்குடில மச்சான் ஒருத்தன், ஆபீஸ்ல கழிச்சுப் போட்ட பிராண்டட் சிஸ்டம் (டெல், எச்பி மாதிரி கம்பெனி கம்ப்யூட்டர்) ஒண்ண வாங்கிட்டு கிராபிக்ஸ் கார்டு போடணும்னு ஒத்தக்கால்ல நின்னான். அதுக்குப் பழைய எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள்ள கரண்டு குடுக்குற பெட்டி) பத்தாதுன்னு நானும் பெரிய இவன் மாதிரி தஞ்சாவூர் போயி 450 வாட்ல புதுசு வாங்கிட்டு வந்து மூடிய கழட்டுனா, மதர்போர்டுல புதுசோட வயர சொருகுற 24 பின் சாக்கெட்டே இல்ல, 8 பின்தான் இருக்கு. மறுபடி பஸ் ஏறுனேன்.

அதனால கடைக்குப் போறதுக்கு முன்னாடியே தெறந்து பாத்துடுங்க. பெரிய வயர் கத்தை போர்டுல சொருகுற எடத்துல 12, 12ன்னு ரெண்டு வரிசை இருந்தா பிரச்சன இல்ல. டெல், எச்பி ஆபீஸ் மாடல் பலதுல 8 பின், 6 பின்னு தனியா வெச்சிருப்பாங்க, அதுக்கு கன்வர்ட்டர் கேபிள் கெடைக்கும், ஆனா மாடல் நம்பர் சொல்லித்தான் வாங்கணும். ஸ்கேல் வெச்சும் அளந்துக்குங்க, கடைல கெடைக்குற சாதா சைஸ் எஸ்எம்பிஎஸ்னா (ஏடிஎக்ஸ்ம்பாங்க) 150 மி.மீ. அகலம், 86 உயரம். ஒல்லி கேபினெட்ல நுழையவே நுழையாது. அப்ப தனி பவர் வயர் கேக்காத கார்டா பாருங்க, போர்டுல கார்ட சொருகுற ஸ்லாட்டே 75 வாட் வரைக்கும் குடுக்கும்.

வாட்ட பாத்து மயங்காதீங்க, லேபிள்ல 12 வோல்ட்டுக்கு எத்தன ஆம்பியர்னு பாருங்க. மேல 450னு போட்டு கீழ 20 ஆம்பியர்னா அந்த லைன்ல வர்றது 240 வாட்தான். வயல்ல மோட்டார் போட்டாலே வீட்ல லைட்டு மங்குற ஊரு நம்மளுது, இதுல கஞ்சத்தனம் வேணாம். எர்த்தும் இருக்கான்னு பாத்துக்குங்க.

பிளக்க புடுங்கிட்டு பவர் பட்டன 10 செகண்டு அமுக்குங்க. வயர் எங்கெங்க போகுதுன்னு போட்டோ எடுத்துட்டு, கிளிப்ப அமுக்கி லேசா ஆட்டி ஆட்டி உருவுங்க, இழுத்தா சாக்கெட்டோட வந்துடும். பின்னாடி 4 ஸ்க்ரூ, அவ்ளோதான். பழசுக்குள்ள பல்லி செத்துக் கெடந்தாலும் அத மட்டும் தெறக்காதீங்க, உள்ள கெப்பாசிட்டர்ல கரண்டு நிக்கும்.

புதுச மாட்டறப்ப 4+4னு பிரியறது ப்ராசஸருக்கு, 6+2 கார்டுக்கு, மாத்தி அமுக்கித் திணிக்காதீங்க. மாடுலர்னா (கேபிள தனியா கழட்டி மாட்டுற மாடல்) வேற எஸ்எம்பிஎஸ்ஸோட கேபிள சொருகவே கூடாது, போர்டு போயிடும். மொதல்ல கார்டு இல்லாம ஆன் பண்ணிப் பாருங்க. ஓடலன்னா ப்ராசஸர் பக்கத்து வயர் மறந்திருக்கும், இல்லன்னா எஸ்எம்பிஎஸ் பின்னாடி இருக்குற ஸ்விட்ச். அத ஆன் பண்ணாமலே நானும் மச்சானும் அரமணி நேரம் டார்ச் அடிச்சுத் தேடிட்டிருந்தோம்.