விழாமல் நிற்கப் பார்க்கும் உடல்: அமெரிக்கன் ஃபுட்பால் கேமில் டேக்கிளை அமைப்பது எப்படி

என் மகள் பள்ளி பேண்டில் டிரம்போன் வாசிக்கிறாள். டெக்சஸில் பள்ளி பேண்ட் என்றால் வெள்ளிக்கிழமை இரவு ஃபுட்பால் மைதானம்தான். அவளுக்காகப் போய் உட்கார ஆரம்பித்து, மூன்று சீசனில் ஆட்டமே பிடித்துப்போய்விட்டது. அப்புறம் இரவுகளில் யூனிட்டி என்ற கேம் செய்யும் மென்பொருளில் ஒரு சின்ன ஃபுட்பால் கேம் செய்ய உட்கார்ந்தேன். ஓட்டம், பாஸ், கேமரா எல்லாம் இரண்டு மாதத்தில் வந்துவிட்டன. பந்தோடு ஓடுபவனை மோதிப் பிடித்துக் கீழே தள்ளும் டேக்கிளுக்கு மட்டும் ஒன்றரை வருடம் ஆனது. அதில் கற்றுக்கொண்டதை, இதே வேலையில் இறங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன். யூனிட்டி ஓரளவு பழக்கம் என்று வைத்துக்கொள்கிறேன்.

கோடு எழுதுவதற்கு முன் ஒரு வீடியோ எடுங்கள். போனில் ஸ்லோ மோஷனை வினாடிக்கு 240 ஃபிரேமில் வைத்து, மைதான ஓரத்தில் நின்று எடுத்தால் போதும். நான் எடுத்த ஒரு டேக்கிளை ஃபிரேம் ஃபிரேமாகத் தள்ளிப் பார்த்தேன். தடுக்கும் அணியின் லைன்பேக்கருடைய தோள், பந்தோடு ஓடிய பையனின் இடுப்புக்குச் சற்று மேலே படுகிறது. அங்கிருந்து இருவரும் நகர்வது நிற்கும்வரை 51 ஃபிரேம், அதாவது 0.2 வினாடிக்குக் கொஞ்சம் மேல். அதற்குள் எத்தனை நடக்கிறது! ஓடியவன் இடது காலை வெளிப்பக்கம் வீசுகிறான். பாதம் ஊன்றுகிறது, முழங்கால் மடங்குகிறது. அடுத்த காலைக் கொண்டுவர நேரமில்லை. பந்து இல்லாத கை தரையைத் தேடுகிறது, பந்து இருக்கும் கை மார்போடு இன்னும் இறுகுகிறது. அடித்தவனின் கால்களோ அடித்த பிறகும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. அதுவரை இரண்டு உடல்கள் இடித்துக்கொள்வதை மட்டுமே நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். விழாமல் நிற்க உடல் படும் பாடுதான் மோதலுக்கு உயிர் கொடுக்கிறது என்று அந்த 51 ஃபிரேம்தான் எனக்குக் காட்டியது.

புகழ்பெற்ற ஃபுட்பால் கேம் வரிசையான மேடனின் பழைய பதிப்புகளில் டேக்கிள் என்பது முன்கூட்டியே பதிவு செய்த அனிமேஷன். 2010-இல் வந்த பேக்பிரேக்கர் என்ற கேம், யூஃபோரியா மென்பொருளை வைத்து டேக்கிளை அந்தந்தக் கணத்திலேயே கணக்கிட்டது. 2012-இல் மேடன் என்எஃப்எல் 13, இன்ஃபினிட்டி எஞ்சினோடு அந்த வழிக்கு வந்தது. பதிவு செய்த அசைவு, கணக்கிட்ட அசைவு இரண்டையும் கலப்பதுதான் நமக்கும் வழி.

அளவில் கவனமாக இருங்கள். யூனிட்டியில் ஒரு யூனிட் ஒரு மீட்டர். ஃபுட்பால்தானே என்று நான் ஒரு யூனிட்டை ஒரு யார்டாக வைத்துவிட்டேன். புவியீர்ப்பு 9.81 என்றே இருந்ததால் நிஜத்தில் அது 8.97 ஆகக் குறைந்து, எல்லோரும் கொஞ்சம் மிதந்து விழுந்தார்கள். காரணம் தெரியாமல் வாரக்கணக்கில் அனிமேஷனைத் திருத்திக்கொண்டிருந்தேன். மைதானம் 109.7 மீட்டர் நீளம், 48.8 மீட்டர் அகலம். மீட்டரிலேயே வேலை செய்யுங்கள், திரையில் எண்ணைக் காட்டும்போது மட்டும் யார்டுக்கு மாற்றுங்கள்.

இனி ஒரு கணக்கைத் தாளில் போட்டுப் பாருங்கள். பந்தோடு ஓடும் 100 கிலோ ரன்னிங் பேக் வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் வருகிறான். எதிரே 110 கிலோ லைன்பேக்கர், வேகம் 5. நேருக்கு நேர் மோதிக் கட்டிப்பிடித்தால் உந்தம் (எடை × வேகம்) 800-இலிருந்து 550 போக மீதி 250. அதை மொத்த எடை 210-ஆல் வகுத்தால், இருவரும் சேர்ந்து ஓடியவனின் திசையிலேயே வினாடிக்கு 1.2 மீட்டர் நகர்வார்கள். ரன்னிங் பேக் முன்பக்கம் விழுந்து இன்னும் கொஞ்சம் தூரம் சம்பாதிப்பது இதனால்தான். மைதான ஓரத்தில் தடுக்கும் 86 கிலோ கார்னர்பேக் 7 மீட்டர் வேகத்தில் வந்தாலும் விடை கிட்டத்தட்ட அதேதான், 1.06. எடையை மட்டும் பார்த்து வெற்றி தோல்வியை முடிவு செய்யும் கேம்கள் சறுக்குவது இங்கேதான்.

சரி, முன்வரிசையில் நிற்கும் 140 கிலோ லைன்மேன் சும்மா நின்றால்? இதே கணக்கில் அவனையும் இழுத்துக்கொண்டு ஜோடி 3.3 மீட்டர் வேகத்தில் போகும். மைதானத்தில் அப்படி நடப்பதில்லை, ஏனென்றால் காலூன்றி நிற்பவன் தரையிலிருந்து விசை வாங்குகிறான். உராய்வுக் கெழு 1 என்றால் அவனுடைய எடைக்கு 1,370 நியூட்டன்வரை கிடைக்கும். 0.2 வினாடியில் அது 800-இல் சுமார் 275-ஐ விழுங்கிவிடும். ஆகவே பாதங்களின் ஃபிசிக்ஸ் மெட்டீரியலில் உராய்வைக் குறைந்தது 1 என்று வையுங்கள், ஆணி வைத்த காலணி அல்லவா. அடித்த பிறகும் கால்கள் தள்ளிக்கொண்டே இருக்கட்டும். டேக்கிள் அடித்தவன் சட்டென்று உறைந்து நின்றால் எதுவுமே நிஜமாகத் தெரியாது.

முதல் மோதலில் ரன்னிங் பேக்கின் வேகம் 8-இலிருந்து 1.2-க்கு இறங்குகிறது. 0.2 வினாடியில் அது நடந்தால் சராசரி விசை 3,400 நியூட்டன், அவன் எடையைப்போல் மூன்றரை மடங்கு. யூனிட்டியின் இயல்பான ஃபிக்ஸட் டைம்ஸ்டெப், அதாவது ஃபிசிக்ஸ் கணக்கின் ஒரு படி, 0.02 வினாடி. மோதல் அந்த ஒரே படியில் தீர்ந்தால் விசை பத்து மடங்காகும். என் முதல் பதிப்பில் வீரர்கள் ரப்பர் பந்துகள்போலச் சிதறியது இதனால்தான். டைம்ஸ்டெப்பை 0.01 ஆக்குங்கள். பவுன்சினெஸ் பூஜ்யம். விசை பல படிகளில் பரவுவதற்கு மென்மையான ஜாயிண்டுகள் (உடல் பாகங்களை இணைக்கும் மூட்டுகள்) வேண்டும், அதற்குக் கீழே வருகிறேன். வேகமாக வரும் கை இடுப்பை ஊடுருவிப் போகும் கோளாறும் இதோடு சேர்ந்ததே: இருவரும் 13 மீட்டர் வேகத்தில் நெருங்கினால் 0.02 வினாடியில் 26 சென்டிமீட்டர் தாண்டிவிடுவார்கள், முன்கையின் தடிமனோ 10-க்குள். கைகளுக்கும் தோள்களுக்கும் கொலிஷன் டிடெக்‌ஷனை கன்டினியுவஸ் ஸ்பெகுலேட்டிவ் ஆக்குங்கள்.

உடலை அமைக்கும்போது எடையைச் சரியாகப் பங்கிடுங்கள். உடற்பகுதி சுமார் 50 சதவீதம், தலையும் கழுத்தும் 8, ஒவ்வொரு தொடையும் 10, முழங்காலுக்குக் கீழே பாதத்தோடு 6, மேற்கை 3, முன்கையும் உள்ளங்கையும் சேர்ந்து 2. உள்ளங்கையைத் தனி ரிஜிட்பாடியாக (எடையுள்ள தனிப் பொருளாக) வைக்காதீர்கள். அரைக் கிலோ கையையும் 50 கிலோ உடலையும் ஒரே சங்கிலியில் கோத்தால் ஜாயிண்டுகள் நடுங்கும். மேக்ஸ் ஆங்குலர் வெலாசிட்டியையும் பாருங்கள். என் புராஜெக்டில் அது வினாடிக்கு 7 ரேடியன் என்று இருந்தது, ஓடுபவனின் முழங்காலுக்கு அது போதவே போதாது. 30 ஆக்கினேன்.

கண்ணுக்குத் தெரியாத ஒரு எலும்புக்கூடு அனிமேஷனை ஆடட்டும். தெரிகிற உடல், கான்ஃபிகரபிள் ஜாயிண்டின் ஸ்லெர்ப் டிரைவ் வழியாக அதைத் துரத்தட்டும். பொசிஷன் ஸ்பிரிங்தான் தசையின் பலம். அடி பட்டதும் அந்த இடத்தைச் சுற்றியுள்ள ஜாயிண்டுகளில் பலத்தை 40 சதவீதத்துக்கு இறக்கி, அரை வினாடியில் மெல்ல ஏற்றுங்கள். விழுவது உறுதியானாலும் 15 சதவீதத்துக்குக் கீழே போக வேண்டாம். பூஜ்யமானால் உயிரில்லாத உடல் விழுவதுபோல இருக்கும், பார்க்கவே மனசு கேட்காது. பந்து பிடித்த கையில் மட்டும் பலத்தைக் கூட்டுங்கள்.

இப்போது நிற்பானா, விழுவானா என்ற கேள்வி. பகடை உருட்டி முடிவு செய்யாதீர்கள். குனிந்து ஓடுபவனின் நிறை மையம் தரையிலிருந்து சுமார் 0.9 மீட்டர் உயரத்தில் இருக்கும். அதை 9.81-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.3 வினாடி. அடி தந்த பக்கவாட்டு வேகத்தை இந்த 0.3-ஆல் பெருக்குங்கள். நிறை மையத்திலிருந்து அவ்வளவு தூரம் தள்ளிப் பாதத்தை ஊன்றினால் நிற்கலாம். வேகம் 1 மீட்டர் என்றால் 30 சென்டிமீட்டர். ஆனால் காலைத் தூக்கி வைக்க 0.2 வினாடியாவது ஆகும், அதற்குள் அந்தப் புள்ளி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தள்ளிப் போய்விடும். கால் 75 சென்டிமீட்டர் எட்டும் என்று வைத்தால், பக்கவாட்டு வேகம் சுமார் 1.3 மீட்டரைத் தாண்டும்போது ஒரே எட்டில் நிற்க முடியாது. தடுமாறி இரண்டாவது எட்டுக்கு முயல்வான், அல்லது விழுவான். அனிமேஷன் எலும்புக்கூட்டின் பாதத்தை ஐகே (பாதம் போக வேண்டிய இடத்திலிருந்து மூட்டுகளின் கோணங்களைக் கண்டுபிடிக்கும் முறை) மூலம் அந்தப் புள்ளிக்கு அனுப்புங்கள், மீதியை உடல் பார்த்துக்கொள்ளும். இந்தக் கணக்கை ஓடவிட்ட முதல் இரவில், என் ரன்னிங் பேக் தோளில் இடிபட்டு, இடது காலை அகல வைத்து, ஒரு கையால் புல்லைத் தொட்டு எழுந்து ஓடினான். அந்த அசைவை நான் எங்கேயும் செய்து வைக்கவில்லை. நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டேன்.

வீரனின் சமநிலைத் திறனுக்கும் இங்கேயே இடமுண்டு. திறமையானவனுக்கு அந்த 0.2 வினாடி 0.15 ஆகட்டும், நான்காவது குவார்ட்டரில் களைத்தவனுக்கு 0.25. ஒன்று முக்கியம்: உடலை நிமிர்த்தி வைக்க இடுப்பில் செயற்கை முறுக்கு விசை கொடுத்திருப்பீர்கள், எல்லோரும் கொடுப்போம். அடி பட்ட படியிலேயே அதை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் மேற்சொன்னதெல்லாம் வீண்.

கட்டிப்பிடிப்பதற்கு, முன்கை எதிராளியின் உடலைத் தொட்டதும் ஒரு மென்மையான ஜாயிண்டை உருவாக்குங்கள். 15 சென்டிமீட்டர் தளர்வும் பிரேக் ஃபோர்ஸும் இருக்கட்டும். என் கேமில் ஒரு கைக்கு 900 நியூட்டன். ஒரு கையால் பிடித்தவனை உதறிவிட்டு ஓடுவதும், மூன்று பேர் தொங்கினால் மெதுவாகச் சரிவதும் இதிலிருந்தே வந்துவிடும்.

லைன்மேன்களின் தள்ளுமுள்ளுக்கு முழு உடல் வேண்டாம், கேப்சூலும் தள்ளும் விசையும் போதும். பந்துக்கு இரண்டு மீட்டருக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் முழு ஃபிசிக்ஸ் ஓடட்டும். 400 கிராம் பந்தைக் கையில் இருக்கும்வரை கினமேட்டிக்காக ஒட்டிவைத்து, கையிலிருந்து நழுவும் ஃபம்பிளில் மட்டும் விடுவியுங்கள்.

கடைசியாக, விசில் அடித்த பிறகு நடப்பதைச் சோதியுங்கள். என் கேமில் கீழே கிடந்தவர்மேல் தடுக்கி நாலு பேர் வரிசையாக விழுந்தார்கள். ஆட்டம் நின்றதும், நடந்து போகிறவர்கள் கிடப்பவர்களைச் சுற்றிப் போகும்படி பாதையை மாற்றுங்கள், தவிர்க்க முடியாதபோது பாதத்தைத் தூக்கித் தாண்டட்டும். பிறகு உங்கள் டேக்கிளையும் 240 ஃபிரேமில் பதிவு செய்து, மைதானத்தில் எடுத்த வீடியோவுக்குப் பக்கத்தில் வைத்து ஓட்டுங்கள். முதலில் கால்களை மட்டும் பாருங்கள்.