ரத்தச்சோகைக்குக் கேமரா மாத்திரை: சோதனை வீணாகாமல் இருக்க

குடலுக்குள் படம் எடுத்துக்கொண்டே போகும் கேமரா மாத்திரையை விழுங்குவது எளிது. சோதனை பலன் தருமா என்பது அதற்கு முந்தைய ஒரு வாரத்தில்தான் இருக்கிறது.

முதலில் ஃபெரிட்டின் (உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) அளவைப் பார்த்துவிடுங்கள். சிங்கப்பூரில் தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் மரபணு உள்ளவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கும் சிவப்பணு சிறுத்திருக்கும், ஆனால் இரும்புச்சத்து சரியாகவே இருக்கும். இரும்பு உண்மையிலேயே குறைவு என்றால், குடலில் எங்காவது ரத்தம் கசிகிறதா என்று பார்க்க, குழாய்க் கேமராவால் செய்யும் இரைப்பை எண்டோஸ்கோபி, பெருங்குடல் கொலொனோஸ்கோபி இரண்டும் முதலில். இரண்டிலும் காரணம் தெரியாதபோதுதான், அவை எட்டாத சிறுகுடலைப் பார்க்க இந்த மாத்திரை. ஏறத்தாழ 26 மி.மீ. நீளம், 11 மி.மீ. அகலம்.

இரும்பு மாத்திரையை 7 நாளுக்கு முன்பே நிறுத்துங்கள். அது குடல் சுவரில் கறுப்பாகப் படிந்து, கசியும் இடத்தை மறைத்துவிடும். படங்கள் கெடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆஸ்பிரின், ரத்தம் உறையாமலிருக்கும் மருந்து, இன்சுலின் ஆகியவற்றை நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம், மருத்துவரிடம் கேளுங்கள். மூட்டுவலிக்குச் சாப்பிடும் மாத்திரைகளின் பெயரையும் மறக்காமல் சொல்லுங்கள். அவை சிறுகுடலில் புண்ணையும் சுருக்கத்தையும் உண்டாக்கலாம். சுருக்கம் இருந்தால் கேமரா மாத்திரை அங்கேயே சிக்கிக்கொள்ளலாம். குரோன் நோய் (நாள்பட்ட குடல் அழற்சி), வயிற்று அறுவை, கதிர்வீச்சு சிகிச்சை கண்டவர்களுக்கும் இதே அபாயம் உண்டு. அவர்களுக்கு முன்னதாக, தானே கரைந்துவிடும் சோதனை மாத்திரை ஒன்றைக் கொடுத்து வழி சரியா என்று பார்ப்பார்கள்.

முந்தைய நாள் மதியத்துக்குப் பிறகு தெளிந்த திரவம் மட்டும். தே-ஓ (பால் சேர்க்காத தேநீர்), வடிகட்டிய ரசம், இளநீர் சரி. தே தாரே (பால் தேநீர்), கேழ்வரகுக் கஞ்சி, சிவப்புச் சாயம் போட்ட பானம் கூடாது. பேதி மருந்து பெரும்பாலும் 2 லிட்டர். மலம் வெளிர் மஞ்சள் தண்ணீராகப் போனால்தான் குடல் சுத்தம். பிறகு 10 முதல் 12 மணி நேரம் வெறும் வயிறு.

விழுங்கி 2 மணி நேரம் கழித்து தெளிந்த திரவம், 4 மணி நேரம் கழித்து இரண்டு இட்லி போதும். படுத்துவிடாமல் நடமாடுங்கள். நீண்டகால நீரிழிவுக்காரர்களுக்கு மாத்திரை இரைப்பையிலேயே தங்கிவிடுவதுண்டு. பெருங்குடலை எட்டுமுன் பேட்டரி தீர்ந்தால் சிறுகுடலின் கடைசிப் பகுதி பதிவாகாது. அதனால் ஒரு மணி நேரம் கழித்து, மாத்திரை இரைப்பையைத் தாண்டிவிட்டதா என்று நேரலைத் திரையில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இடுப்பில் கட்டிய பதிவுப் பெட்டியின் விளக்கு மின்னுகிறதா என்று அவ்வப்போது பாருங்கள்.

மாத்திரை வழக்கமாக ஓரிரு நாளில் மலத்தோடு வெளியேறும். 2 வாரம் ஆகியும் காணாவிட்டால் எக்ஸ்ரே. அது வெளியேறியது உறுதியாகும்வரை எம்ஆர்ஐ (காந்த ஸ்கேன்) கூடவே கூடாது. வயிற்றுவலியோ வாந்தியோ வந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

ரத்தக்குழாய் விரிந்து கசிவது தெரிந்தால், பலூன் உதவியால் சிறுகுடலுக்குள் செல்லும் பலூன் எண்டோஸ்கோபி மூலம் சுட்டு அடைப்பார்கள். மாத்திரையால் திசு எடுக்கவோ சிகிச்சை தரவோ முடியாது. ஒன்றும் தெரியாவிட்டாலும் கசிவே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். விட்டு விட்டுக் கசியும் இடம் அன்று அமைதியாக இருந்திருக்கலாம். சோதனை முடிந்ததும் மருத்துவர் சொன்னபடி இரும்பு மாத்திரையைத் தொடருங்கள். ஹீமோகுளோபின் மறுபடி இறங்கினால், மறுசோதனை பற்றிக் கேளுங்கள்.