சமூகப் பொதிகளைச் சீர்பார்க்க ஒரு பரிசோதனைக் களஞ்சியம்

யாழ்ப்பாணத்து ஆர்வலர்கள் ரெங்கநாதன் என்ற தமிழ் விசைப்பலகைக்கும் எழுத்துருக்களுக்கும் ஆக்கித் தரும் டெபியன் பொதிகளை (டெபியன் லினக்ஸ் இயங்குதளத்தில் நிறுவும் மென்பொருட் கோப்புகளை), பாடசாலைக் கணினிகள் பொதிகளைப் பெற நம்பியிருக்கும் களஞ்சியத்தில் நேரடியாகச் சேர்க்கக் கூடாது. பொதியின் நிறுவற் கட்டளைகள் ரூட் எனும் முழு நிர்வாக அதிகாரத்துடன் இயங்குவதால், ஒரு தவறான வரியே கணினி முழுவதையும் கெடுத்துவிடும்.

களஞ்சியத்தை நிர்வகிக்கும் ரெப்ரெப்ரோ என்ற கருவியை நிறுவி, அதன் டிஸ்ட்ரிபியூஷன்ஸ் கோப்பில் பரிசோதனைக்கும் வெளியீட்டுக்குமாக இரண்டு பிரிவுகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் மின்னொப்பமிடும் ஜிபிஜி மறைக்குறியீட்டுச் சாவியைக் குறிப்பிடுங்கள். பரிசோதனைப் பிரிவில் 'நாட்ஆட்டோமேட்டிக்' வரிக்கு 'யெஸ்' என்று கொடுத்தால், பொதிகளை நிறுவும் கருவியான ஏபிடி அதற்கு 1 என்ற முன்னுரிமையை மட்டுமே அளிக்கும். ஆகவே ஏற்கெனவே நிறுவியிருக்கும் பொதியை அது தானாக மேம்படுத்தாது. இந்த வரியை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள்.

பங்களிப்பவரிடமிருந்து மூலநிரலை மட்டும் பெற்று, பொதியாக்கும் கருவியான எஸ்பில்டின் தூய சூழலில் நீங்களே பொதியாக்கி, பொதியிலுள்ள பிழைகளைக் கண்டறியும் லின்டியனால் சோதித்த பின்னரே பரிசோதனைப் பிரிவில் ஏற்றுங்கள். நிறுவலுக்குப் பின் இயங்கும் 'போஸ்ட்இன்ஸ்ட்' கோப்பை வரிவரியாக வாசிப்பது மிக முக்கியம், ஏனெனில் அதன் நோக்கத்தை எந்தக் கருவியாலும் முழுமையாக மதிப்பிட முடியாது. பிறகு தனிக் கணினியொன்றில் நிறுவி, 'கொ', 'ஸ்ரீ' ஆகியவை சரியாக விழுகின்றனவா என்று தட்டச்சிட்டுப் பாருங்கள்; பொதியை நீக்கியதும் பழைய விசைப்பலகை அமைப்பு மீள்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

இன்னொருவரும் பார்த்து ஒப்புதல் தந்தபின், ரெப்ரெப்ரோவின் 'காப்பி' கட்டளையால் அதே பொதியை வெளியீட்டுப் பிரிவுக்கு நகலெடுங்கள். மீண்டும் பொதியாக்க வேண்டாம்.