வாக்களிக்காமல் இருக்க நினைப்பவருக்கு: தென்னாப்பிரிக்காவின் முதல்முறை வாக்காளர்களுக்கான செய்முறை விளக்கம்

டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வரும் இளைஞர்களில் சிலர், அடுத்த நாடாளுமன்றத் தேர்தலில் தாங்கள் வாக்களிக்கப் போவதில்லை என்றும், அதை எப்படி முறையாகச் செய்வது என்றும் என்னிடம் கேட்டார்கள். கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. வீட்டில் இருந்துவிட்டால் போதுமே என்று நினைக்காமல், அதற்கும் ஒரு முறை இருக்கக்கூடும் என்று எண்ணியிருக்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். நம் நாட்டில் வாக்களிப்பது உரிமை. அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு அதை வழங்குகிறது. வாக்களிக்காதவருக்கு அபராதமோ தண்டனையோ கிடையாது. ஆனால் 'இவர்களில் எவரும் வேண்டாம்' என்று குறியிடுவதற்கான கட்டம் வாக்குச்சீட்டில் இல்லை. ஆகவே மறுப்பவர் தம் மறுப்பைத் தாமே வெளியே தெரியச் செய்ய வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

முதல் படி: கோபம் யார் மீது என்று பார்த்துக்கொள்ளுங்கள்

2022 ஏப்ரல் வெள்ளத்தில், டர்பனுக்கு வடக்கே உள்ள டோங்காட்டின் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சேதமடைந்து, அங்குள்ள மக்கள் பல மாதங்கள் தண்ணீர் லாரிக்காகக் குடங்களோடு காத்து நின்றார்கள். அந்தத் துயரத்தைப் பார்த்த பலர், "இனி எந்தத் தேர்தலிலும் வாக்களிக்க மாட்டேன்" என்றார்கள். அவர்களுடைய கோபத்தில் முழு நியாயம் இருக்கிறது. ஆனால் குழாய் நீரும் குப்பையும் தெருவிளக்கும் டர்பனை நிர்வகிக்கும் எத்தெக்வினி மாநகராட்சியின் பொறுப்பு. அதற்கு நாம் வாக்களிப்பது உள்ளாட்சித் தேர்தலில், வட்டார உறுப்பினருக்கு ஒரு சீட்டும் கட்சிக்கு ஒரு சீட்டுமாக. நாடாளுமன்றத் தேர்தலைப் புறக்கணித்தால் அந்தக் கோபம் வேறு வாசலில் போய் நிற்கும். வரி, காவல்துறை, நீதித்துறை, மின்வாரியமான எஸ்காம், முதியோர் மானியம் போன்றவற்றில் உங்கள் குறை இருந்தால் மட்டுமே நாடாளுமன்றத் தேர்தலை மறுப்பதில் பொருள் உண்டு.

இரண்டாம் படி: மறுப்பதாக இருந்தாலும் பெயரைப் பதிவு செய்யுங்கள்

இதைச் சொன்னபோது வகுப்பில் எல்லோரும் வியந்தார்கள். காரணம் எளிது. 2024 மே 29 அன்று நடந்த தேர்தலில் 58.64 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள் என்று தேர்தல் ஆணையம் அறிவித்தது. அந்த விழுக்காடு, பதிவு செய்த சுமார் 2 கோடியே 78 லட்சம் பேரை வைத்துக் கணக்கிடப்பட்டது. பதிவு செய்துவிட்டு வராமல் இருந்தவர், வராதவர்களின் எண்ணிக்கையில் இருக்கிறார். பதிவே செய்யாதவரோ அந்தக் கணக்கில் எந்தப் பக்கமும் இல்லை. 1999இல் 89 விழுக்காடாக இருந்த வாக்குப்பதிவு 2019இல் 66ஆகக் குறைந்தது என்று இன்று நாம் பேச முடிகிறதென்றால், வராதவர்கள் பட்டியலில் இருந்ததால்தான் பேச முடிகிறது.

பதிவுக்கு வேண்டியது பச்சை அடையாளப் புத்தகமோ ஸ்மார்ட் அடையாள அட்டையோதான். 16 வயதிலேயே பதியலாம். 18 நிறைந்த பிறகே வாக்களிக்கலாம். ஆணையத்தின் இணையதளத்தில் பதியலாம், அல்லது பதிவுக்கென அறிவிக்கப்படும் வார இறுதியில் உங்கள் வாக்குச்சாவடிக்கே செல்லலாம். தேர்தல் தேதி அரசிதழில் வெளியாகும் நாளோடு பட்டியல் மூடப்படும் என்பதை மறந்துவிடாதீர்கள். 2024இல் அது பிப்ரவரி 23 அன்று நடந்தது. பதிவு செய்து வைத்தால், கடைசி வாரத்தில் மனம் மாறினாலும் வழி திறந்திருக்கும். மனம் மாறுவது இழுக்கல்ல.

மூன்றாம் படி: காகிதத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்

நாடாளுமன்றத்தின் கீழவையான தேசிய மன்றத்தில் 400 இடங்கள். எத்தனை பேர் வாக்களித்தாலும் 400 இடங்களும் நிரப்பப்படும். இத்தனை விழுக்காட்டினர் வந்தால்தான் தேர்தல் செல்லும் என்ற விதி இங்கே இல்லை. இடங்கள் செல்லுபடியான வாக்குகளின் விகிதத்தில் பிரிக்கப்படுகின்றன.

உங்கள் தெருவில் பதிவு செய்தவர்கள் 100 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 பேர் வாக்களித்து, அதில் 24 வாக்குகள் ஒரு கட்சிக்கு விழுந்தால், அதன் பங்கு 40 விழுக்காடு. நாடு முழுவதும் அதே விகிதம் இருந்தால் 160 இடங்கள். இப்போது அந்தக் கட்சியை விரும்பாத மேலும் 10 பேர் வெறுத்துப்போய் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். வாக்களித்தவர்கள் 50 பேர். அந்தக் கட்சிக்கு ஒரு வாக்குகூடக் கூடவில்லை, அதே 24தான். ஆனால் பங்கு 48 விழுக்காடாகி, இடங்கள் 192ஆக உயர்கின்றன. அந்த 32 இடங்களைத் தந்தவர்கள் அந்தக் கட்சியை வெறுத்த பத்துப் பேர்.

இந்தக் கணக்கை உங்கள் கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள். நீங்கள் மிகவும் அஞ்சும் கட்சி எதுவோ, அதன் ஆதரவாளர்கள் தவறாமல் வருவார்களா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். வருவார்கள் என்றால், உங்கள் மறுப்புக்கு ஒரு விலை இருக்கிறது. அதைத் தெரிந்தே கொடுக்கிறீர்களா என்பதை முடிவு செய்யுங்கள். 2024இல் 40 விழுக்காட்டைப் பெற்று 159 இடங்களைப் பிடித்த ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரசுக்குக் கிடைத்த வாக்குகள் 64 லட்சத்துக்குச் சற்று மேல். பதிவு செய்தவர்களில் நான்கில் ஒரு பங்குகூட அல்ல.

நான்காம் படி: நம் முன்னோர் எப்படி மறுத்தார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியில் கொஞ்சம் நின்று செல்கிறேன். வாக்கை மறுப்பதில் நம் சமூகத்துக்கு நீண்ட பழக்கம் உண்டு. 1896இல், டர்பன் அடங்கிய பிரிட்டிஷ் குடியேற்றமான நேட்டாலின் அரசு, இந்தியர்கள் புதிதாக வாக்காளர்களாக முடியாதபடி சட்டம் செய்தது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1946இல், நிலம் வாங்கும் உரிமையைப் பறித்த சட்டத்தோடு சேர்த்து, வெள்ளையர்களையே நமக்குப் பிரதிநிதிகளாக நாடாளுமன்றத்துக்கு அனுப்பும் ஏற்பாட்டைப் பிரதமர் ஜான் ஸ்மட்ஸின் அரசு தர முன்வந்தது. மருத்துவர் மான்டி நாயக்கரின் தலைமையில் நேட்டால் இந்தியக் காங்கிரஸ் அதைத் தொட மறுத்தது. மறுத்ததோடு வீட்டில் இருந்துவிடவும் இல்லை. டர்பனில் தடைசெய்யப்பட்ட நிலத்தில் கூடாரமடித்து, சிறைக்குச் சென்றார்கள்.

பிறகு 1984 வந்தது. நாடாளுமன்றத்தில் வெள்ளையருக்கு 178, கலப்பினத்தவருக்கு 85, இந்தியருக்கு 45 இடங்கள் என்று மூன்று அவைகள் அமைக்கப்பட்டன. நாட்டின் பெரும்பான்மையினரான கறுப்பின மக்களுக்கு ஓரிடமும் இல்லை. ஆகஸ்ட் 28 அன்று இந்தியர் அவைக்குத் தேர்தல். வேட்பாளர் ஒருவரின் ஆட்கள் காரோடு எங்கள் ஆயாவின் வீட்டு வாசலில் வந்து நின்று, சாவடிக்கு அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவதாகச் சொன்னார்கள். ஆயா துணி ஆலையில் தையல் வேலை செய்தவர். அவர் கதவருகே நின்றபடியே, "என்கூட ஒரே மேசையில உட்கார்ந்து தைக்கிற உம்லாசிக்காரிக்கு இல்லாத வாக்கு எனக்கு எதுக்குப்பா?" என்று கேட்டார். உம்லாசி, டர்பனை ஒட்டிய கறுப்பின மக்களின் குடியிருப்பு. வந்தவர்கள் பேசாமல் போய்விட்டார்கள். அதற்குச் சில மாதங்கள் முன்பே, இனவொதுக்கலை எதிர்த்த அமைப்புகளின் கூட்டணியான ஐக்கிய ஜனநாயக முன்னணியின் கையெழுத்து இயக்கத் தாளில் அவர் தமிழில் கையெழுத்திட்டிருந்தார்; அவருக்கு வேறு எழுத்துத் தெரியாது.

அந்தத் தேர்தலில் பதிவு செய்த இந்தியர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே வாக்களித்தார். ஆனாலும் அவை கூடியது, அமைச்சர்கள் பதவியேற்றார்கள். மூன்றாம் படியில் போட்ட கணக்கு அன்றும் அப்படியே வேலை செய்தது. ஆனால் இந்தியர்கள் இந்த அமைப்பை ஏற்றுக்கொண்டார்கள் என்று அரசால் உலகத்திடம் சொல்ல முடியாமல் போயிற்று. வீடு வீடாகச் சென்று பேசி, துண்டறிக்கை கொடுத்து, கூட்டம் போட்டு ஓராண்டு உழைத்ததால் கிடைத்த பயன் அது. அரசு அதற்கு அஞ்சியது என்பதற்குச் சான்று, தேர்தலை ஒட்டிப் புறக்கணிப்பு இயக்கத் தலைவர்களைத் தடுப்புக்காவலில் வைத்ததுதான். செப்டம்பரில் அந்த இயக்கத் தலைவர்கள் ஆறு பேர் டர்பனில் உள்ள பிரிட்டிஷ் தூதரக அலுவலகத்தில் தஞ்சம் புகுந்தார்கள், அவர்களில் நேட்டால் இந்தியக் காங்கிரசின் எம்.ஜே. நாயுடுவும் ஒருவர்.

அதே ஆயா 1994 ஏப்ரலில் முழங்கால் வலியோடு வரிசையில் நின்று வாக்களித்தார். அன்று உம்லாசியிலும் வரிசை நின்றது.

ஐந்தாம் படி: மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

சாவடிக்குச் செல்லாமல் இருப்பது முதல் வழி. உங்கள் பெயர் பட்டியலில் குறியின்றி நிற்கும். வராதவர்களின் விழுக்காட்டில் நீங்கள் சேர்வீர்கள். ஆனால் உடல்நலம் இல்லாதவரும், வேலைக்குப் போனவரும், சோம்பலில் இருந்தவரும் அதே விழுக்காட்டில்தான் இருப்பார்கள்.

இரண்டாவது, சென்று சீட்டைச் செல்லாததாக்குவது. பலர் இதைப் பெரிதும் நம்புகிறார்கள். நான் ஒருமுறை பள்ளிக்கூடச் சாவடி ஒன்றில் கட்சி முகவராக இருந்து வாக்கு எண்ணுவதைப் பார்த்தேன். நள்ளிரவு தாண்டியிருந்தது. அதிகாரி ஒரு சீட்டை விரித்துப் பிடித்தார். அதன் குறுக்கே நீலப் பேனாவால் 'ஒருவரும் வேண்டாம்' என்று தமிழில் எழுதியிருந்தது. அந்த மேசையில் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதிகாரி அதை இருபுறமும் திருப்பிப் பார்த்துவிட்டு, தள்ளுபடியான சீட்டுகளின் மேல் வைத்தார். அதன் கீழே, தவறுதலாக இரண்டு கட்சிகளுக்கும் குறியிட்ட யாரோ ஒருவருடைய சீட்டு இருந்தது. இரண்டும் ஒரே எண்ணாகவே படிவத்தில் ஏறின. எழுதியவரின் மனம் அந்த எழுத்தில் இருந்தது; அது அந்த அறையைத் தாண்டவில்லை. இந்த வழியைத் தேர்ந்தெடுத்தால், ஒரே ஒரு கட்சியின் கட்டத்துக்குள் மட்டும் உங்கள் எழுத்து விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது அந்தக் கட்சிக்கான வாக்காகக் கொள்ளப்படக்கூடும். பெயரையும் எழுதாதீர்கள்.

மூன்றாவது வழியைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. 2024இல் வாக்காளருக்கு மூன்று சீட்டுகள் தரப்பட்டன: தேசியப் பட்டியலுக்கு ஒன்று, தேசிய மன்றத்துக்கு நம் மாகாணத்திலிருந்து செல்வோருக்கு ஒன்று, மாகாணச் சட்டமன்றத்துக்கு ஒன்று. இவற்றில் ஒன்றை மட்டும் வெறுமையாக இட்டு, மற்றவற்றில் வாக்களிக்கலாம். அரசியல் சட்ட நீதிமன்றம் 2020இல் அளித்த தீர்ப்பின் பயனாக, இரண்டாவது, மூன்றாவது சீட்டுகளில் இப்போது சுயேச்சைகளும் நிற்க முடியும். கட்சிகளே வேண்டாம் என்பது உங்கள் மறுப்பின் காரணமானால், சுயேச்சைகளின் பெயர்களைப் படித்துப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள்.

ஆறாம் படி: காரணத்தை ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

எல்லாப் படிகளிலும் இதையே முக்கியமானதாகக் கருதுகிறேன். தமிழிலோ ஆங்கிலத்திலோ, ஒரே பக்கம். "எல்லோரும் திருடர்கள்" என்று எழுதினால் அதற்குப் பதில் சொல்ல யாராலும் முடியாது. எந்த முடிவால் நீங்கள் பாதிக்கப்பட்டீர்கள், எந்தக் கட்சியிடம் எதை எதிர்பார்த்தீர்கள், எது நடந்தால் அடுத்த முறை வாக்களிப்பீர்கள் என்ற மூன்றையும் எழுதுங்கள். மூன்றாவது கேள்விக்கு விடை எழுத முடியவில்லை என்றால், உங்களுக்கு இருப்பது களைப்பு. களைப்பு குற்றமல்ல, ஆனால் அதை மறுப்பு என்று பெயரிட்டு அனுப்ப வேண்டாம்.

எழுதியதைத் தேர்தலுக்கு முன்பே கட்சி அலுவலகங்களுக்கு அனுப்புங்கள். உள்ளூர்ப் பத்திரிகைக்கும் அனுப்பலாம். ஒரே காரணமுடைய பத்துப் பேர் சேர்ந்து கையெழுத்திட்டால் இன்னும் நல்லது.

ஏழாம் படி: எவருடைய வற்புறுத்தலுக்கும் இடம் கொடாதீர்கள்

வாக்களிக்கும்படியோ வாக்களிக்காமல் இருக்கும்படியோ ஒருவரை வற்புறுத்துவது, 1998ஆம் ஆண்டின் தேர்தல் சட்டப்படி குற்றம். முதலாளியானாலும் கோயில் நிர்வாகியானாலும் அண்ணனானாலும் அதுவே விதி. வாக்களிக்காவிட்டால் முதியோர் மானியம் நின்றுவிடும் என்று பாட்டிமார்களைப் பயமுறுத்துவோரும் உண்டு, அது பொய். மானியத்துக்கும் வாக்குக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

எட்டாம் படி: தேர்தல் நாளும் அதன் மறுநாளும்

தேர்தல் நாள் பொது விடுமுறை. நீங்கள் செல்லாவிட்டாலும், செல்ல விரும்பும் அக்காவையோ தாத்தாவையோ சாவடிக்கு அழைத்துச் செல்லுங்கள். இடது கட்டைவிரலில் மை இல்லையே என்று பக்கத்து வீட்டார் கேட்டால், எழுதி வைத்த பக்கத்தைக் காட்டுங்கள். மறைக்கவும் வேண்டாம், வாதாடவும் வேண்டாம்.

மறுநாளிலிருந்து உங்களுக்கு வேலை தொடங்குகிறது. அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு, கூட்டம் கூடவும் மனு அளிக்கவும் எல்லோருக்கும் உரிமை தருகிறது. வாக்களித்தவருக்கு மட்டும் என்று அதில் இல்லை. சட்ட முன்வரைவுகள் மீது பொதுமக்களின் கருத்தை நாடாளுமன்றம் கேட்க வேண்டும். முறையாகக் கேட்காமல் இயற்றிய சட்டங்களை 2006இல் அரசியல் சட்ட நீதிமன்றம் செல்லாதென்று அறிவித்திருக்கிறது. உங்கள் பக்கத்தில் எழுதிய குறை எந்தத் துறையைச் சேர்ந்ததோ, அதற்கான நாடாளுமன்றக் குழு எது என்று கண்டுபிடித்து, கருத்துக் கேட்கும் அறிவிப்பு வரும்போது அதே பக்கத்தைத் திருத்தி, கடைசித் தேதிக்குள் அனுப்பிவிட்டு, பிரதி ஒன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.