சிறுவர் பேஸ்பால்: புதிய அம்பயருக்கு ஸ்ட்ரைக் ஸோன்

ஹோம் பிளேட்டுக்கு (பேட்டர் அருகே தரையில் பதித்த தட்டு) பின்னால் நிற்கும் புதிய அம்பயர்கள் தடுமாறுவது பெரும்பாலும் விதி தெரியாததால் அல்ல. தலை ஆடுவதாலும், வாய் முந்திக்கொள்வதாலும்தான்.

முதலில் அளவு. சிறுவர் பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீக்கின் விதிப்படி, பேட்டர் இயல்பாக நிற்கும்போது அவருடைய அக்குளிலிருந்து முழங்காலின் மேல்விளிம்பு வரை, ஹோம் பிளேட்டுக்கு மேலே உள்ள வெளிதான் ஸ்ட்ரைக் ஸோன். பேட்டர் அடிக்க முயலாமல் விட்ட பந்து இதற்குள் வந்தால் ‘ஸ்ட்ரைக்’, வராவிட்டால் ‘பால்’. ‘இயல்பாக’ என்ற சொல் முக்கியம். ஒரு பையன் வேண்டுமென்றே ஒடுங்கிக் குனிந்தால் அவனுக்காக ஸோன் சுருங்காது. பிளேட்டின் அகலம் 17 அங்குலம். பந்தின் ஓரம் ஸோனை உரசினாலே ஸ்ட்ரைக். பந்தின் விட்டம் ஏறக்குறைய 3 அங்குலம் என்பதால், இரு பக்கமும் சேர்த்தால் 23 அங்குலத்தை நெருங்கிவிடுகிறது. பலர் நினைப்பதைவிடத் தாராளமான இடம் இது.

வலதுகை பேட்டர் என்றால், பிளேட்டுக்குப் பின்னால் குந்திப் பந்தைப் பிடிக்கும் கேட்சருக்கு இடப்பக்கம், அவருக்கும் பேட்டருக்கும் நடுவே உள்ள இடைவெளியில் நில்லுங்கள். இடது கால் முன்னே. வலது பெருவிரல் இடது குதிகாலுக்கு நேராக. கால்கள் தோளைவிட அகலமாக. இடதுகை பேட்டர் வந்தால் எல்லாம் இடவலமாக மாறும். உங்கள் மோவாய் கேட்சரின் ஹெல்மெட் உச்சிக்குக் கீழே இறங்கவே கூடாது. இறங்கினால் பிளேட்டில் பேட்டருக்கு அப்பாலுள்ள வெளிமூலையும் முழங்கால் உயரப் பந்தும் மறைந்துபோகும். கேட்சர் பேட்டரை ஒட்டி உட்கார்ந்து இடைவெளியை அடைத்தால், மறுபக்கம் ஓடாமல் அங்கேயே சற்று நிமிர்ந்து அவர் தலைக்கு மேலாகப் பாருங்கள்.

பந்து வீசுபவரான பிட்சர் வீசத் தொடங்கும்போதே குனிந்து அசையாமல் நின்றுவிட வேண்டும். பிறகு கண் மட்டும் பந்தோடு போகட்டும். பிட்சரிடமிருந்து பிளேட் வரையுள்ள 46 அடி தூரத்தை மணிக்கு 80 கிலோமீட்டர் வேகப் பந்து அரை நொடிக்குச் சற்றே கூடுதலான நேரத்தில் கடந்துவிடும். அதற்குள் முடிவு செய்ய அவசரப்படாதீர்கள். பந்து கிளவுஸில் ‘டப்’ என்று விழட்டும், வந்த பாதையை மனதில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், அப்புறம் சொல்லுங்கள். ‘பால்’ என்றால் குனிந்தபடியே. ‘ஸ்ட்ரைக்’ என்றால் நிமிர்ந்து, வலது கையைக் காட்டி, உரக்க.

அதிகம் ஏமாற்றுவது கிளவுஸ்தான். சின்னப் பிள்ளைகளின் மெதுவான பந்து செங்குத்தாக இறங்கும். பிளேட்டுக்கு மேல் முழங்கால் உயரத்தில் கடந்த பந்தை, கேட்சர் கணுக்கால் அருகே கிளவுஸைக் கவிழ்த்துப் பிடிப்பார். பார்ப்பவர்களுக்கு அது தாழ்ந்த பந்து. உண்மையில் நல்ல ஸ்ட்ரைக். வெளியே போன பந்தைக் கேட்சர் உள்ளே இழுத்துக் காட்டுவதும் அப்படித்தான். பிளேட்டைக் கடந்த இடத்தை மட்டும் பாருங்கள். தரையில் குதித்துவிட்டு ஸோனுக்குள் வந்த பந்து, பேட்டர் மட்டையை வீசாதவரை, ஸ்ட்ரைக் ஆகாது.

சிறிய வயதுப் பிரிவுகளில் ஓரப் பந்து சந்தேகமாக இருந்தால் ஸ்ட்ரைக் பக்கம் சாயுங்கள். இல்லாவிட்டால் பேட்டர்கள் நான்கு ‘பால்’ பெற்று, அடிக்காமலே வரிசையாக நடந்து முதல் பேஸுக்குப் போவார்கள். பிள்ளைகள் மட்டை வீசவே பழக மாட்டார்கள். ஆனால் அந்தச் சலுகை இரு அணிக்கும் முதல் இன்னிங்ஸிலிருந்தே ஒன்றாக இருக்க வேண்டும்.

நான்காவது இன்னிங்ஸ் வாக்கில் தொடை வலித்து, தெரியாமலே தலை தாழத் தொடங்கும். ஒவ்வொரு பந்துக்குப் பிறகும் முழுதாக நிமிர்ந்து, காலை உதறிவிட்டு, மறுபடி இடம் பிடியுங்கள்.